கசெல்லாவின் ‘உந்திச்சி பெத்ஸி இன்ஃபான்திலி’ (பதினொரு குழந்தை உருப்படிகள்) குழந்தைகளுக்கான இசைதானா?

வாசிக்க ஓரளவு எளிது என்பதால் ஆம். ஆனால் அதன் சிந்தனை முதிர்ந்தது. தூரினில் பிறந்து பாரிசில் பயின்ற ஆல்ஃபிரேதோ கசெல்லா, 1920-இல் தனிப் பியானோவுக்காக எழுதிய இந்தப் பதினொரு குறு உருப்படிகளில், போலேரோ, சிசிலியானா, மினுவெட் போன்ற பழைய நடன வடிவங்களை நவீன ஒத்திசைவோடு சிக்கனமாக மீட்டெடுத்தார்.

வால்ட்ஸ் வெள்ளைக் கட்டைகளில் மட்டும் நடக்கிறது. அடுத்து வரும் கேனன் (ஒரு குரலின் மெட்டை இன்னொரு குரல் சற்றுப் பின்னால் திரும்ப இசைக்கும் வடிவம்) கறுப்புக் கட்டைகளிலேயே அமைந்தது. அவற்றின் ஐந்து சுரங்களுக்கிடையே அரைச்சுர இடைவெளி இல்லாததால், ஒரு குரலை இன்னொன்று பின்தொடரும்போதும் கூர்மையான உரசல் எழுவதில்லை. விதியைக் கடுமையாக்கி ஒலியை இனிமையாக்கிய இந்தத் தந்திரமே, என் கணிப்பில், தொகுதியின் சிறந்த பகுதி.

பியானோப் பயிற்சிகளுக்குப் பேர்போன பழைய இத்தாலிய இசையமைப்பாளர் கிளெமென்டிக்கான அஞ்சலி ஐவிரல் பயிற்சியாக அமைந்திருக்கிறது. அதில் மரியாதையோடு சற்றுக் குறும்பும் கலந்திருக்கிறது.