காற்றாடி ஓடினால் டிரையர் வெப்பநிலை துள்ளுவது ஏன்?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு பார்க்கிறேன். கொழுந்து வாட்டும் மேல்மாடிக் காற்றாடிகளுக்கு வீஎஃப்டி (மோட்டர் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) பூட்டியதிலிருந்து தேயிலை உலர்த்தும் டிரையரின் வெப்பநிலை 8, 10 பாகை துள்ளுகிறது. மோட்டர் கேபிள்களும் தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) கேபிளும் கேபிள் தாங்கும் 300 மி.மீ. அகல உலோக ட்ரே ஒன்றில் சுமார் 40 மீட்டர் சேர்ந்தே போகின்றன. எவ்வளவு இடைவெளி வேண்டும்? இன்னொரு ட்ரே போட இடமில்லை.

பதில்: உடனே ட்ரேயில் கைவைக்க வேண்டாம். டிரையர் சூடாக இருக்கும்போதே காற்றாடிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஒன்று நின்றதும் எண் அடங்கினால், அந்த மோட்டரின் கேபிள்தான் காரணம். எல்லாம் நின்ற பிறகும் துள்ளினால் தளர்ந்த முனையைத் தேடுங்கள். அதற்கும் ட்ரேக்கும் சம்பந்தமில்லை.

கே வகை தெர்மோகப்பிள் ஒரு பாகைக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். அதாவது 0.4 மில்லிவோல்ட் இரைச்சல் நுழைந்தாலே 10 பாகை பொய். பக்கத்திலேயே 500 வோல்ட்டுக்கு மேல் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்பும் கேபிள் 40 மீட்டர் ஒட்டிக்கொண்டு வந்தால் நுழையாமல் என்ன செய்யும்? அந்தப் பொய் எண்ணை நம்பி அடுப்பைக் கூட்டிக் குறைத்தால் தூளும் கெடும்.

டிரைவ் கையேடுகளில் வழக்கமாகக் காணும் அளவுகள்: சிக்னல் கேபிளுக்கும் (உங்களிடம் தெர்மோகப்பிள் கேபிள்) வீஎஃப்டி மோட்டர் கேபிளுக்கும் 500 மி.மீ., சிக்னலுக்கும் சாதாரண மின்வழங்கல் கேபிளுக்கும் 200 மி.மீ. கடக்க வேண்டிய இடத்தில் 90 பாகையில் கடக்க வேண்டும்.

உங்கள் ட்ரேயின் அகலமே 300. ஆகவே சிக்னலை அதிலிருந்து வெளியே எடுப்பதுதான் சரி. ஒற்றைத் தெர்மோகப்பிள் கேபிளுக்கு இன்னொரு ட்ரே எதற்கு? எதிர்ச் சுவரோரம் 20 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போதும். பீவிசி பைப் எலியைத் தடுக்கும், இரைச்சலைத் தடுக்காது. சுவரும் கிடைக்காவிட்டால் ட்ரேயின் விளிம்பு உயரத்துக்கு இரும்புத் தடுப்புத் தகடு நிறுத்தி, மோட்டர் கேபிள்களை ஒரு கோடியிலும் சிக்னலை மறுகோடியிலும் கட்டுங்கள். தகட்டின் ஒவ்வொரு மூட்டும் ட்ரேயோடு உலோகத்துக்கு உலோகம் தொட வேண்டும். மலையகத்து ஈரத்தில் அந்த மூட்டுகள்தான் முதலில் துருப்பிடிக்கும். செப்புப் பின்னலால் பாலம் போட்டுவிடுங்கள்.

இடைவெளி சரியாக இருந்தும் பலர் கோட்டைவிடும் இடம் கட்டுப்பாட்டுப் பேனலின் வாசல். 40 மீட்டர் பிரித்துக் கொண்டுவந்ததை கடைசி 2 மீட்டரில் ஒரே டிரங்கிங்கில் (மூடிய கேபிள் பெட்டிக்குழாய்) திணித்து, மீதிக் கேபிளைச் சுருட்டி வீஎஃப்டிக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். மீதியை வெட்டிவிடுங்கள். ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகளை (முறுக்கு இணை) முனைவரை முறுக்காகவே கொண்டுபோங்கள், 25 மி.மீ.க்கு மேல் பிரிக்க வேண்டாம்.

தெர்மோகப்பிள் கேபிளின் உலோக உறையை (ஷீல்டு) பேனல் பக்கம் மட்டும் ஏர்த் செய்து, டிரையர் பக்கம் வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். இரண்டு பக்கமும் கட்டினால் இரு ஏர்த்துகளுக்கிடையிலான மின்னோட்டம் அந்த உறை வழியே ஓடும். மோட்டர் கேபிள் நேர் எதிர்: அதன் உறையை வீஎஃப்டியிலும் மோட்டரிலும் உலோகக் கிளாண்டால் (கேபிள் நுழைவுப் பிடிப்பான்) சுற்றிலும் பிடிக்க வேண்டும். உறையை வால்போல் முறுக்கி ஏர்த் போல்ட்டில் மாட்டுவது பெயருக்குத்தான். கேபிள் மாற்ற நேர்ந்தால் தெர்மோகப்பிளுக்கு அதே கே வகையே வேண்டும். ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்பத் தரம்) நிறத்தில் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. நடுவே சாதாரணச் செப்புக் கம்பி ஒட்டினால் இரைச்சல் போனாலும் எண் தவறாகவே இருக்கும்.

மோட்டர் கேபிள்களை ஒரு கோடியில் நெருக்கும்போது சூட்டையும் கணக்கிடுங்கள். துளையிட்ட ட்ரேயில் 6 சுற்றுகள் ஒரே வரிசையில் ஒட்டிக் கிடந்தால் கேபிளின் மின்னோட்டத் தாங்குதிறனில் 0.73 பங்குதான் எடுக்கலாம். அதன்மேல் தேயிலைப் பஞ்சு படிந்து மூடினால் இன்னும் குறையும், தீப்பிடிக்கவும் கூடும். ட்ரேயைத் துடைக்கும் நாளைப் பராமரிப்பு அட்டவணையில் எழுதிவைக்கவும்.