வேகாத பருப்பும் பொங்காத மாவும்: மலைச் சமையல் கேள்வி–பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்திருக்கும் கேள்விகள் வேறு வேறானாலும் பலவும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. கீழே கை பழகிய கணக்கு மேலே ஏன் பலிப்பதில்லை?

மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. அங்கே நாலு விசிலுக்குக் குழையும் துவரம்பருப்பு, இங்கே ஆறு விசில் விட்டாலும் பருப்பு தனி, தண்ணீர் தனி. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறாரா?
– கோத்தகிரி வாசகி

கடைக்காரரைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைச் சந்தேகியுங்கள். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். 300 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடும் இறங்கும். கோத்தகிரி, குன்னூரில் அது ஏறக்குறைய 94 டிகிரி செல்சியஸ், கொடைக்கானலில் 93, உதகையில் அதற்கும் சற்றுக் கீழே. தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, சூடு ஏறாது.

குக்கரும் இதிலிருந்து தப்பவில்லை. வெளிக்காற்றைவிட உள்ளே இவ்வளவு அழுத்தம் கூடினால் தூக்கு என்பதுதான் வெயிட்டின் வேலை. வெளிக்காற்றே மெலிந்திருப்பதால், கீழே 120 டிகிரியைத் தொடும் குக்கர் இங்கே 116, 117-லேயே நின்றுவிடும். அதனால் நேரத்தைக் கால் பங்கு கூட்டுங்கள். விசில் எண்ணுவதையும் விட்டுவிடலாம். தீயும் தண்ணீரும் மாறினால் விசில் கணக்கும் மாறும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நிமிடம் பாருங்கள். கீழே 8 நிமிடம் என்றால் இங்கே 10 முதல் 11. வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாமல் தானாக அடங்க விட்டால், அது அடங்கும் பத்து நிமிடத்திலும் பருப்பு வேகும்.

1 கப் பருப்பை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, 3 கப் தண்ணீர், மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் எண்ணெயோடு வையுங்கள். தக்காளியும் புளியும் பருப்பு வெந்த பிறகுதான். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு இறுகிக்கொள்ளும். அழுத்தம் கூடட்டும் என்று வெயிட்டின் மேல் எதையாவது வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம், குக்கர் வெடிக்கும்.

காய்ந்த பட்டர் பீன்ஸ், ராஜ்மாவுக்கு 10 முதல் 12 மணி நேர ஊறல். ராஜ்மா ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில்தான் வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். 93 டிகிரியில் திறந்த பாத்திரத்தை நம்புவது சரியல்ல.

இவ்வளவும் செய்து வேகவில்லை என்றால் கடைக்காரரிடம் போய்க் கேட்கலாம். வருடக்கணக்கில் கிடந்த பருப்பு எந்த ஊரிலும் வேகாது.

மார்கழியில் இட்லி மாவு இரண்டு நாள் ஆனாலும் பொங்குவதில்லை. கம்பளியில் சுற்றியும் பார்த்தாயிற்று. ஆப்ப சோடா போட்டால் பொங்குகிறது, ஆனால் ருசி இல்லை.
– உதகை வாசகி

கம்பளி சூட்டைக் காக்கும், உண்டாக்காது. கிரைண்டரிலிருந்து சில்லென்று வழித்த மாவைச் சுற்றினால், குளிரைத்தான் பத்திரமாகப் பொதிந்து வைக்கிறீர்கள். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 32 டிகிரி வேண்டும். உதகையில் மார்கழி இரவு, சமையலறைக்குள்ளேயே 10, 12-க்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் அவை சாவதில்லை, சோம்பிக் கிடக்கும்.

ஊறலிலிருந்தே தொடங்குங்கள். கீழே நாலுக்கு ஒன்று போடுகிறவர்கள், இங்கே குளிர்காலத்தில் 3 கப் இட்லி அரிசிக்கு 1 கப் முழு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம், கால் கப் அவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி 6 முதல் 7 மணி நேரம், உளுந்தும் வெந்தயமும் 2 மணி நேரம், இரண்டும் வெதுவெதுப்பான தண்ணீரில். ஆட்டும்போது தெளிக்கிற தண்ணீரும் வெதுவெதுப்பாகவே இருக்கட்டும். ‘உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளி’ என்பது சென்னை வெயிலில் கிரைண்டர் சூடாகிற ஊருக்கான யோசனை.

உளுந்து மாவைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரிசி மாவோடு சேர்த்துக் கையால் இரண்டு நிமிடம் கலக்குங்கள். முந்தைய மாவில் இரண்டு கரண்டி மிச்சமிருந்தால் உறைமோர் மாதிரி சேருங்கள். உப்பை இப்போது போடாதீர்கள். உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும். சமவெளியில் அது வசதி, இங்கே இடைஞ்சல். பொங்கிய பிறகு கலந்தால் போதும்.

இனி சூடு. மூடியுள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்று கிடைத்தால் காரியம் முடிந்தது. மாவுப் பாத்திரத்தை நடுவில் வைத்து, இரு பக்கமும் ஒரு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் வைத்து மூடுங்கள். 5, 6 மணி நேரத்தில் பாட்டில் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பெட்டி இல்லாவிட்டால் அகலமான அண்டாவில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடுங்கள். இப்போது மேலே கம்பளி போர்த்தினால் அதற்கு வேலை உண்டு. 12 முதல் 14 மணி நேரத்தில் மாவு ஒன்றரை மடங்காவது ஏறும், கரண்டியால் விலக்கினால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை தெரியும். சூடான அடுப்பின் மேலேயே பாத்திரத்தை வைத்தால் அடிமாவு வெந்து கட்டிதட்டிப்போகும். அரை மணிக்கொரு முறை திறந்து பார்த்தாலும் சூடு போய்விடும்.

சோடா காற்றைக் கொடுக்கும், புளிப்பைக் கொடுக்காது. உங்கள் நாக்கு சொன்னது சரிதான்.

கடைசியாக, நன்றாக ஆவி வந்த பிறகு தட்டை வையுங்கள். கீழே 10 நிமிடம் என்றால் இங்கே 13. நனைத்த விரலால் நடுவில் தொட்டால் ஒட்டக் கூடாது.

பிளம்ஸ் ஜாம் 105 டிகிரியில் இறக்க வேண்டும் என்று படித்துத் தெர்மாமீட்டர் வாங்கினேன். 105 வருவதற்குள் கறுத்து, ஆறியதும் மிட்டாய் மாதிரி இறுகிவிட்டது. கருவி பழுதா?
– கொடைக்கானல் வாசகர்

கருவி சரி, புத்தகம் கடற்கரை ஊரில் எழுதப்பட்டது. 105 என்பது தனியாக நிற்கும் எண் அல்ல. தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் 5 டிகிரி என்று அர்த்தம். கொடைக்கானலில் தண்ணீர் 93-ல் கொதிக்கிறது, ஆகவே ஜாம் 98-ல் தயார். நீங்கள் 105 வரை கொண்டு போனதால் இன்னும் 7 டிகிரிக்கு உண்டான தண்ணீர் வற்றிப்போனது. கீழே 112-ல் இறக்கியதற்குச் சமம். அது பாகு உருட்டுகிற பதம். சமைக்கிற அன்றைக்கே தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டு, அது காட்டும் எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள். கருவியில் ஒன்றிரண்டு டிகிரி பிசகு இருந்தாலும் அதுவும் இதில் அடிபட்டுப்போகும்.

1 கிலோ பிளம்ஸில் முக்கால் பங்கு பழுத்தது, கால் பங்கு சற்றே செங்காய். ஜாமை உறையவைக்கும் பெக்டினும் புளிப்பும் செங்காயில்தான் அதிகம். கொட்டை நீக்கி, 100 மி.லி. தண்ணீர் விட்டு, தோல் மசியும்வரை 15 முதல் 20 நிமிடம் வேகவையுங்கள். அதன் பிறகுதான் 750 கிராம் சர்க்கரை. முதலிலேயே சர்க்கரையைக் கொட்டினால் தோல் விறைத்து, கடைசிவரை நார் நாராக நிற்கும். சர்க்கரை கரையும்வரை சிறு தீ, கரைந்ததும் பெரிய தீ. அகலமான பாத்திரமாக இருந்தால் சீக்கிரம் முடியும், நிறமும் சிவப்பாக நிற்கும்.

தெர்மாமீட்டரைவிட நம்பகமானது தட்டு. ஒரு பீங்கான் தட்டை முன்பே ஃப்ரீசரில் வைத்திருங்கள். 96 டிகிரி தாண்டியதும் அடுப்பை அணைத்து, அரை டீஸ்பூன் ஜாமைத் தட்டில் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். விரலால் தள்ளினால் மேலே பால் ஏடு மாதிரி சுருக்கம் விழ வேண்டும். ஓடினால் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி பாருங்கள். சோதிக்கும்போது அடுப்பை அணைக்காமல் விடுவதால்தான் பலருக்கு ஜாம் கைமீறுகிறது.

இறுகிப்போனதை, 100 மி.லி. வெந்நீரும் அரை எலுமிச்சைச் சாறும் விட்டு மெல்லச் சூடாக்கித் தளர்த்தலாம். கருகிய வாசம் வந்திருந்தால் அது போகாது. பாட்டில்களைத் தண்ணீரில் கொதிக்கவைக்கும் நேரத்தையும் 10-லிருந்து 15 நிமிடமாக்குங்கள்.

கேக் பொங்கி வந்து நடுவில் குழி விழுகிறது.
– குன்னூர் வாசகி

மெல்லிய காற்றில் மாவுக்குள் இருக்கும் குமிழி அதிகமாக விரியும். கேக் வெந்து இறுகுவதற்குள் சுவர் உடைந்து அமுங்கிவிடும். 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்றால் முக்கால் போடுங்கள். 1 கப் சர்க்கரையில் 2 டேபிள்ஸ்பூன் குறைத்து, பால் 2 டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள். ஓவன் சூட்டை 10 முதல் 15 டிகிரி ஏற்றிவைத்தால் சுவர் சீக்கிரம் இறுகும். முட்டையை நுரை தள்ள அடிக்க வேண்டாம், டின்னில் பாதிக்கு மேல் ஊற்றவும் வேண்டாம்.

ஊட்டி உருளைக்கிழங்கில் சிப்ஸ் போட்டால் இரண்டே நிமிடத்தில் காப்பி நிறம், கசப்பு வேறு. எண்ணெய்க் கோளாறா?
– கூடலூர் வாசகர்

கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்திருப்பீர்கள், அல்லது வாங்குமுன்பே குளிரில் கிடந்திருக்கும். குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கறுக்கிறது. இரண்டு வாரம் சாக்கில் கட்டி, வெளிச்சம் படாமல் சமையலறையின் கதகதப்பான மூலையில் வையுங்கள், சர்க்கரை ஓரளவு திரும்பக் குறையும். சீவியதை மூன்று தண்ணீரில் அலசி, 20 நிமிடம் ஊறவைத்து, துணியில் ஈரம் போக ஒற்றிவிட்டு மிதமான தீயில் பொரியுங்கள். அப்படியும் கறுத்தால் அந்த மூட்டை குருமாவுக்கு.

எலுமிச்சைச் சாறு சேர்த்த மலைப்பூண்டு ஊறுகாய் மறுநாளே பச்சை நீலமாகிவிட்டது. கெட்டுவிட்டதா?
– கொடைக்கானல் மேல்மலை வாசகி

கெடவில்லை. பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேரும்போது இந்த நிறம் வரும். குளிரில் இருந்த பூண்டில் இன்னும் அதிகமாக வரும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் ஊர்ப் பூண்டுக்குக் காரமும் மணமும் கூடுதல், நிறமும் பளிச்சென்று வந்திருக்கும். தாராளமாகச் சாப்பிடலாம். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளிப்பை வைத்துப் பச்சையானால் அது வேறு கதை, அதைக் கொட்டிவிட வேண்டும்.

நிறம் வேண்டாமென்றால், உரித்த 250 கிராம் பூண்டை 100 மி.லி. நல்லெண்ணெயில் சிறு தீயில் உள்வரை வேகும்படி வதக்கி, ஆறிய பிறகு 150 மி.லி. எலுமிச்சைச் சாறு, 40 கிராம் உப்பு, 30 கிராம் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் வறுத்த வெந்தயப்பொடி சேருங்கள். சாற்றைக் குறைக்காதீர்கள். புளிப்பில்லாமல் பூண்டை வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய கிருமிக்கு அது வாகான இடம். நிறமோ வாசனையோ மாறாமலே நஞ்சாகும்.

தயிர் நூல் நூலாக இழுக்கிறது. பாலா, உறையா?
– உதகை வாசகர்

முதல் காரணம் சூடு போதாததுதான். ஆறிய பாலில் குளிரில் மெதுவாக உறையும் தயிருக்குத்தான் நூல் விழும். சுண்டுவிரல் பொறுக்கிற சூட்டில், 1 லிட்டர் பாலுக்கு 1 டேபிள்ஸ்பூன் உறை கலந்து ஹாட்பேக்கில் மூடுங்கள். ஹாட்பேக்கை முதலில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். 7, 8 மணி நேரம் போதும். பழைய உறையும் இப்போது நூலுக்குப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டில் நல்ல தயிராக ஒரு ஸ்பூன் வாங்கிக்கொள்ளுங்கள்.