சன்ஸ்கிறீன் தோலுக்குள் போய் இரத்தத்தில் கலக்கிறதாமே, தினமும் பூசலாமா?

ஓம், கலக்கிறதுதான். அதை மறைத்துப் பதில் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், இதே கேள்வியோடு ஒரு வருசம் மண்டையைக் குழப்பினவள் நான். நீங்களும் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு வெளிக்கள வேலை. ஸ்கூட்டியில் புத்தூர், அச்சுவேலிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களுக்குப் போய்வர வேண்டும். மகன் பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. தோல் டொக்டர் சன்ஸ்கிறீன் பூசச் சொன்னார், பூசினேன், கொஞ்சம் குறைந்துகொண்டும் வந்தது. அப்போதுதான் ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் அந்தச் செய்தியை அனுப்பினா: ஒருநாள் பூசினாலே இரத்தத்தில் ஏறுதாம். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரம், பயந்துபோய் டியூப்பைக் குப்பையில் போட்டேன். மூன்று மாதத்தில் மங்கு மூக்குத்தண்டு வரைக்கும் ஏறி, முன்னதைவிடக் கறுத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து விசயத்தை வாசித்தேன். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ 2019இல் 24 பேரிலும் 2020இல் 48 பேரிலும் பூசிப் பார்த்தது. சன்ஸ்கிறீனில் வெயிலை மறிக்கிற இரசாயனங்களான அவோபென்சோன், ஒக்சிபென்சோன், ஒக்டோகிரைலீன் எல்லாமே இரத்தத்தில் மில்லிலீற்றருக்கு 0.5 நானோகிராமைத் தாண்டின, ஒரு தரம் பூசினதிலேயே. மச்சாளின் செய்தி இதோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த 0.5 நஞ்சாகும் அளவு இல்லை, அதற்கு மேலே போனால் இன்னும் பரிசோதித்துப் பார் என்று போட்ட கோடு. ஆய்வில் பூசினது உடம்பில் முக்கால்வாசிக்கு, 2019இல் நாளைக்கு நாலு தரம். நீட்டுக் கைச் சட்டை போட்டுக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுகிற நான் எங்கே! இரத்தத்தில் கலக்கிறது என்பதற்காகப் பூசுவதை நிறுத்துங்கள் என்று ஆய்வு செய்தவர்களே சொல்லவில்லை.

கம்பனிக்காரி என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஒக்சிபென்சோனைத் தாய்ப்பாலிலும் கண்டிருக்கிறார்கள், ஐரோப்பாவில் அதன் அளவைக் குறைத்தும் விட்டார்கள். நானும் சிங்க் ஒக்சைட் உள்ளதற்குத்தான் மாறினேன். அதுவும் டைட்டானியம் டயொக்சைட்டும் தோலுக்கு மேலேயே தங்கும், உள்ளே போவது மிகக் குறைவு. 2019இல் எஃப்டிஏ முன்வைத்த விதியில் பாதுகாப்பானவை என்று சேர்த்தது அந்த இரண்டை மட்டும்தான். குறை என்னவென்றால் எங்கள் நிறத்துக்குச் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். முதல் நாள் மாமி பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, முகம் முழுக்கத் திருநீறோ?" என்றா. ஸ்கூட்டிக் கண்ணாடியில் பார்த்தால் புருவ மயிருக்குள்ளேயும் வெள்ளை. இப்போது நிறம் சேர்த்தது வாங்குகிறேன். அதில் இருக்கிற இரும்பு ஒக்சைட், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் மறிக்கும், மங்குக்கு அதுதான் சரி.

அப்புறம், லேபல் இல்லாமல் விற்கிற வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைப்பற்றி எனக்கு இதுவரை ஒருவரும் வாட்ஸ்அப் அனுப்பவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் போகிற வீதியில் முன்பு வேம்பும் வாகையும் நிழல் பிடித்து நின்றன. பன்னிரண்டு மணிக்கும் முகம் சுடாமல் வரலாம். வீதி அகலிப்பு என்று எல்லாவற்றையும் தறித்தார்கள், திரும்ப நடுவோம் என்றார்கள், நட்டுப் படமும் எடுத்தார்கள், பிறகு தண்ணீர் ஊற்ற ஒரு ஆளில்லை. இப்போது நிற்பது கம்பிக்கூடு மட்டும். போன கிழமை பார்த்தேன், அதில் யாரோ ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள்.