பார்வைக் குறைபாடுள்ள ஊழியரின் வீட்டு இணைய இணைப்புக்கு நிறுவனம் பணம் கொடுக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: சென்னையில் சின்ன நிறுவனம் நடத்துகிறீர்கள். கண் பார்வை குறைந்த ஊழியர் ஒருவர் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் வந்து வேலை செய்கிறார். லைன் இழுக்கிறது, பிசினஸ் பிளான் வேண்டும், அதற்கு ஆபீஸ்தான் பணம் கட்ட வேண்டும் என்கிறார். மற்றவர்கள் எல்லாம் சொந்தக் காசில் வைத்திருக்கும்போது இவருக்கு மட்டும் ஏன் என்று கேட்கிறீர்கள்.

பணம் கொடுப்பது உங்கள் பொறுப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் வீட்டு லைனுக்குக் கட்டுவதற்கு முன்னால் உங்கள் ஆபீஸ் லைனைப் பாருங்கள். அந்த ஊழியரின் இடத்தில் இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்கிற கண் நோய். முதலில் இருட்டில் பார்வை போகும், அப்புறம் ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் மிஞ்சியிருக்கிற கொஞ்சத்தை வைத்து, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறேன். கண் களைத்துவிட்டால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்கிற ஸ்க்ரீன் ரீடரைக் கேட்டு வேலை செய்வேன். கிண்டி பக்கம் ஒரு கணக்கு அலுவலகத்தில் இருந்தேன், வீடு குரோம்பேட்டை. மாதா மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை கழுத்தை நெரிக்கும். அந்த நாட்களில்தான் லைன் மிக மோசமாக இழுக்கும்.

"எல்லாருக்கும் அதே லைன்தானே, அவங்களுக்கு மட்டும் எப்படி ஓடுது?" என்று மேலாளர் கேட்டார். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். பார்வை நன்றாக இருப்பவர் ரிமோட்டில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தால் திரை பெரும்பாலும் அசையாமல் நிற்கும். மாறுகிற கட்டங்கள் மட்டும்தான் லைனில் வரும். எனக்கோ ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே மேக்னிஃபையர், அதாவது திரையைப் பெரிதாக்கிக் காட்டுகிற மென்பொருள், ஓடுகிறது. மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினாலும் முழுத் திரையும் நகர்கிறது, அத்தனையும் புதிதாக அனுப்பப்பட வேண்டும். லைன் தாங்காவிட்டால் படத்தை அமுக்கி அனுப்பும். 3 எது, 8 எது என்று தெரியாது. கணக்கு எழுதுகிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்க்ரீன் ரீடருக்கு வேறு சிக்கல். என் வீட்டு கம்ப்யூட்டரில் ஓடுகிற ஸ்க்ரீன் ரீடருக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரை வெறும் படம்தான், அதில் உள்ளதை வாசிக்க முடியாது. அதனால் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் ஸ்க்ரீன் ரீடரை ஓடவிட்டு, அது பேசுவதை ஒலியாக இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். ஒரு கீயை அழுத்தினால் அரை நொடி கழித்துக் குரல் வரும். அதற்குள் நான் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பேன். இதற்குப் பெரிய வேகத்தை விட, தாமதமும் தடுமாற்றமும் இல்லாத லைன்தான் முக்கியம்.

ஆபீஸில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "உங்க வீட்டு பிளானை ஏத்திக்கோங்க." ஏற்றினேன், சொந்தக் காசில். ஒன்றும் மாறவில்லை. அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "பாவம், அவங்களுக்கு வேகம் வராது, ஈஸியான வேலையாக் கொடுங்க" என்று நான் இருக்கும் மீட்டிங்கிலேயே சொன்னார்கள். என்னிடமிருந்து இரண்டு கிளையன்ட்டுகளை எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தது புதிதாகச் சேர்ந்த சிஸ்டம் அட்மின் தம்பி. நான் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்க்கும்போது அந்தப் படம் ஆபீஸ் லைனிலிருந்து வெளியே ஏறி வர வேண்டும். அங்கே இருந்தது பழைய கேபிள் இணைப்பு: டவுன்லோட் நன்றாக இருக்கும், அப்லோட், அதாவது வெளியே அனுப்புகிற வேகம், அதில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. அந்தக் கொஞ்ச அப்லோடையும் சிசிடிவி கேமராக்கள் பகல் முழுக்க கிளவுடுக்கு வீடியோ அனுப்பித் தின்றுகொண்டிருந்தன. நான் வீட்டில் எவ்வளவு வேகமான பிளான் வாங்கினாலும் என்ன ஆகும்? அந்தத் தம்பி கேமராக்களுக்கு ஒரு வரம்பு வைத்தார், அன்று சாயங்காலமே ஸ்க்ரீன் ரீடரின் குரல் தடங்கலில்லாமல் வந்தது. பிறகு அப்லோடும் டவுன்லோடும் சமமாக உள்ள பிசினஸ் ஃபைபருக்கு மாறினார்கள். மாறியதும் எல்லாருக்கும் வேலை வேகமாக ஓடியது. ஆனால் நான் கட்டிய காசை யாரும் திருப்பித் தரவில்லை, அந்த இரண்டு கிளையன்ட்டுகளும் திரும்பி வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் எனக்காகப் படித்து வைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஒருவருக்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்துகொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. அது செய்துகொடுப்பவருக்கு அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. 20ஆவது பிரிவு அரசு நிறுவனங்களுக்கு இதை நேரடியாகக் கட்டாயமாக்குகிறது. தனியாருக்கு 21ஆவது பிரிவு: ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 2017 விதிகளின்படி 20 பேருக்குக் குறைவான நிறுவனம் கூட, மாற்றுத்திறனாளி ஊழியர் தன் வேலையைச் சரியாகச் செய்ய என்னென்ன வசதி தரப்படும் என்பதை அதில் எழுத வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் உதவிச் சாதனங்கள், தொடர்பு அலுவலர் எல்லாம் அதில் வர வேண்டும். "இணைய பில்லைக் கட்டு" என்று எந்த வரியிலும் இல்லை, அதை வைத்து யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். வேலையே அந்த லைன் வழியாகத்தான் நடக்கிறது என்றால், நாற்காலிக்கும் கம்ப்யூட்டருக்கும் காசு கொடுக்கிற மாதிரி அதற்கும் கொடுப்பதுதான் முறை என்பது என் கருத்து.

"அப்போ எல்லாரும் கேட்பாங்களே" என்பீர்கள். கேட்கட்டும். சிறு தொழில் நடத்துகிற கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை, என் அப்பா அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மற்றவருக்கு லைன் இழுத்தால் அவர் எரிச்சல்படுவார், வேலை கொஞ்சம் தாமதமாகும். இவருக்கு இழுத்தால் வேலையே நின்றுவிடும், பழியும் அவர் கண் மேல் விழும்.

கண் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எனக்குக் காலடியில் இருப்பது தெரியாது, ஆனால் போனை மூக்கருகில் வைத்தால் படிக்க முடியும். மின்சார ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் வெள்ளைக் கோலோடு உட்கார்ந்து போனைப் பார்த்தால், "கண்ணு தெரியாதவங்க எப்படிம்மா வாட்ஸ்அப் பாக்குறீங்க?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பரங்கிமலை ஸ்டேஷனில் ஒருவர் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். பார்வை என்பது முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் துளியும் இருக்காது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். உங்கள் ஊழியர் சில நாள் எழுத்தைப் படிக்கிறார், சில நாள் படிக்க முடியவில்லை என்கிறார் என்றால், தயவுசெய்து அவரைச் சந்தேகப்படாதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அவர் லைன் இழுக்கிறது என்று சொல்கிற அதே நேரத்தில் ஆபீஸ் பக்கம் அப்லோட் வேகத்தைச் சோதியுங்கள், ராத்திரியில் சோதித்துப் பயனில்லை. அவர் வீட்டில் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து நேராக லேன் கேபிள் போடச் சொல்லுங்கள். அவர் என்விடிஏ பயன்படுத்துகிறவரா என்று கேளுங்கள். அது இலவச ஸ்க்ரீன் ரீடர், 2025.1 பதிப்பிலிருந்து ரிமோட் வசதி அதிலேயே இருக்கிறது. பேச வேண்டியதை ஒலியாக இழுக்காமல் எழுத்தாக அனுப்பி, அவர் கம்ப்யூட்டரிலேயே பேசவைக்கும், தாமதம் நன்றாகக் குறையும். இவ்வளவும் செய்தபின் ஒரு ஆளுக்கு லீஸ்டு லைன், அதாவது தனக்கென்றே ஒதுக்கிய இணைப்பு, எல்லாம் தேவைப்படாது, நல்ல ஃபைபர் பிளானே போதும். பிசினஸ் பிளான்தான் என்று முடிவானால் பில்லை உங்கள் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணில் எடுங்கள். பொதுவாக அந்த 18 சதவீத வரியை நீங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஊழியர் பெயரில் பில் வந்து நீங்கள் பணம் கொடுத்தால் அது முடியாது.

மாற்று இணைப்பு ஒன்றும் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் கேபிள் இணைப்பு திரும்ப வர ரொம்ப நாள் ஆனது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி அவர் வீட்டில் வைத்துவிடுங்கள்.