வறுமைக் குறைப்புச் சட்டம்: கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: கல்கரியில் இருக்கிறோம். கணவருக்கு வேலை நேரம் குறைந்ததிலிருந்து மாதம் ஒருமுறை உணவு வங்கிக்குப் போகிறோம். மாகாண அரசு வறுமையைக் குறைக்கத் திட்டம் போட்டே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் கேட்டு அங்கே கையெழுத்து வாங்குகிறார்கள். அப்படி ஒரு சட்டம் வந்தால் எங்கள் கைக்கு ஏதாவது வருமா?

பதில்: உடனே வராது. இருந்தாலும் கையெழுத்துப் போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நேராக "உதவித்தொகையை உயர்த்து" என்றே ஒரு மசோதா கொண்டுவரலாமே என்று உங்களுக்குத் தோன்றும். 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அரசுப் பணத்தை ஒதுக்கும் மசோதாவுக்கு மாகாண ஆளுநரின் பரிந்துரை வேண்டும். நடைமுறையில் அது அமைச்சரவை கையில் இருக்கிறது. அதனால் எதிர்க்கட்சி உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்தால் திட்டம் போடு, இலக்கு சொல், ஆண்டுதோறும் அறிக்கை வை என்ற அளவில்தான் கேட்க முடியும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இப்படிப் பலமுறை கேட்டு, ஒன்றும் நிறைவேறவில்லை. கேட்டவர்களின் கட்சியே ஆட்சிக்கு வந்த பிறகு, 2018இல்தான் சட்டமானது.

கியூபெக் 2002இலேயே இதைச் செய்துவிட்டது. ஒன்டாரியோவில் 2009இல் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றின. ஐந்தாண்டுக்கு ஒரு திட்டம், ஆண்டுக்கொரு அறிக்கை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற எண் சட்டத்தில் இல்லை. அந்தந்த அரசின் திட்டத்துக்கு விட்டுவிட்டார்கள். விளைவைப் பாருங்கள். ஐந்தாண்டில் குழந்தை வறுமையை 25% குறைப்போம் என்ற முதல் இலக்கே எட்டப்படவில்லை. தனி ஆளுக்கான மாத உதவித்தொகை 2018இலிருந்து 733 டொலரிலேயே நிற்கிறது. டொரொண்டோவில் அந்தப் பணத்துக்கு ஒரு அறை கிடைப்பதே கஷ்டம். சட்டம் இருக்கும் மாகாணத்தில்தான் இந்த நிலை, அதையும் மனதில் வையுங்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியா எண்ணைச் சட்டத்துக்குள்ளேயே எழுதியது. 2016ஐ அடிப்படையாக வைத்து, 2024க்குள் மொத்த வறுமை 25%, குழந்தை வறுமை 50% குறைய வேண்டும் என்று அதில் இருந்தது. பெருந்தொற்றுக் கால உதவிப் பணம் வந்தபோது வறுமை நன்றாகவே குறைந்தது. அது நின்றதும் மறுபடி ஏறியது. ஏறியதை அரசே தன் அறிக்கையில் சொல்ல வேண்டியிருந்தது பாருங்கள், இந்தச் சட்டத்தால் கிடைக்கும் பெரிய பலன் அதுதான் என்பேன். அங்கே தனி ஆளுக்கான மாத உதவித்தொகை 2017 தொடக்கத்தில் 610 டொலர், 2023இல் 1,060. முதல் உயர்வு சட்டத்துக்கு முன்பே வந்தது, ஆகவே எல்லாப் புகழையும் சட்டத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

அப்புறம், யார் ஏழை என்பதை எப்படி அளக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கனடாவின் அதிகாரபூர்வ அளவுகோல் ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்கிறது: அப்பா, அம்மா, 9 வயது மகள், 13 வயது மகன். இவர்களுக்குச் சாப்பாடு, உடை, வாடகை, போக்குவரத்து, இதர செலவு சேர்த்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கூடை. கல்கரிக்குத் தனிக் கூடை. வரியும் குழந்தைப் பராமரிப்புச் செலவும் போக மிஞ்சும் பணத்தில் அந்தக் கூடையை வாங்க முடியாவிட்டால் வறுமையில் இருப்பதாகக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெற்றோருக்கு நீங்கள் மாதாமாதம் அனுப்பும் பணம் அதில் கழியாது. நம் குடும்பங்கள் பலவற்றின் உண்மையான நெருக்கடி இப்படித்தான் கணக்கில் விழாமல் போகிறது.

கையெழுத்து வாங்குபவரிடம் இவ்வளவு கேட்டால் போதும்: எண்ணும் தேதியும் சட்டத்திலேயே இருக்குமா? அறிக்கை எந்தத் தேதிக்குள் வர வேண்டும்? ஆலோசனைக் குழுவில் வறுமையை அனுபவித்தவர்களுக்கு இடம் உண்டா? இலக்கு தவறினால் அபராதம் இருக்குமா என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்தச் சட்டங்களில் அது இருப்பதில்லை. அரசைச் சட்டமன்றத்தில் பதில் சொல்ல வைக்கலாம், அவ்வளவுதான்.

கையெழுத்தோடு நிற்காமல் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு பக்கக் கடிதமும் எழுதுங்கள். குடியுரிமை இல்லாவிட்டாலும் எழுதலாம். கணவரின் வேலை நேரம் எத்தனை மணியிலிருந்து எத்தனையாகக் குறைந்தது, வாடகை எவ்வளவு, அது போக மளிகைக்கு என்ன மிஞ்சுகிறது, எந்த மாதம் முதன்முதலாக உணவு வங்கிக்குப் போனீர்கள், இதை மட்டும் எழுதினால் போதும்.