இரவு இரண்டு மணிக்கு யார் எழுந்து வருவார்கள்?

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. தனியாக இருக்கிறார். சமையலைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் குளிக்கவும் மாத்திரை போடவும் துணை வேண்டியிருக்கிறது. முதியோர் குடியிருப்பு, அசிஸ்டட் லிவிங், நர்சிங் வசதியுள்ள இல்லம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி?

பதில்: பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு சேவை தரும் இடங்கள் உண்டு. முதலில் ஒரு நோட்டில் ஏழு நாள் குறித்து வையுங்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, சாப்பிடுவது. 1963-ல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் வெளியிட்ட இந்த ஆறு அம்சப் பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேரத்தையும் உதவியின் அளவையும் எழுதுங்கள்: தானே செய்தாரா, பக்கத்தில் ஆள் நின்றால் போதுமா, கைகொடுக்க வேண்டியிருந்ததா, இரண்டு பேர் தேவைப்பட்டதா? இரவையும் விடாமல் குறியுங்கள். பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பகலில் குறிப்பிட்ட வேளைகளில் மட்டும் உதவி போதுமென்றால், வீட்டுக்கே ஆள் வரும் ஏற்பாடு சரியாக இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், அம்மாவுக்கு அங்கிருந்தே தொடங்கலாம். முதியோர் குடியிருப்பு என்பது பெரும்பாலும் தனி வீடு, பொதுச் சாப்பாட்டுக் கூடம், அவசர அழைப்பு மணி, அவ்வளவுதான். குளிப்பாட்ட ஆள் அதில் அடங்காது. அசிஸ்டட் லிவிங்கில் குளியல், உடை, மாத்திரைக்கு உதவி உண்டு. ஆனால் எழுப்பி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும் என்ற நிலை வந்தால், பல இடங்கள் வைத்துக்கொள்ளாது. மூக்குக் குழாய் வழி உணவு, ஆறாத படுக்கைப் புண் போன்றவற்றுக்கு இரவும் பகலும் தகுதி பெற்ற செவிலியர் இருக்கும் இல்லம்தான் வேண்டும். (நம் பேச்சில் நர்சிங் ஹோம் என்றால் சிறு மருத்துவமனை. இது அதுவல்ல, நெடுநாள் தங்கும் இடம்.) மறதி நோயில் வெளியே நடந்து போய்விடும் பழக்கம் இருந்தால், அதற்கென்றே பயிற்சி பெற்ற ஊழியர் உள்ள தனிப் பிரிவைத் தேடுங்கள். பூட்டிய கதவு மட்டும் பராமரிப்பு ஆகாது.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது மாலை ஆறு, ஏழு மணிக்கும் ஒருமுறை போங்கள். மறதி நோயுள்ளவர்களுக்குப் பதற்றம் கூடுகிற வேளை அது. ஊழியர் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அப்போது தெரியும். அழைப்பு மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்று அங்கே இருப்பவர்களிடமே கேளுங்கள். நிர்வாகத்திடம் தவறாமல் கேட்க வேண்டியது இது: "எந்த நிலை வந்தால் இவரை வைத்துக்கொள்ள மாட்டீர்கள்?" பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயந்து இரவு விழுந்ததை மறைக்கும் குடும்பங்கள், சில மாதங்களிலேயே வேறு இடம் தேட வேண்டி வருகிறது. வயதானவருக்கு அந்த இரண்டாவது மாற்றம் பெரிய அடி.

கேள்வி: மகனுக்கு 26 வயது, அறிவுத்திறன் குறைபாடு, வலிப்பும் உண்டு. எங்களுக்குப் பிறகு குழு இல்லமா, ஆதரவுடன் தனி வாழ்க்கையா?

பதில்: குழு இல்லத்தில் சிலர் ஒரே வீட்டில் இருப்பார்கள், பொதுவாக வீடும் பராமரிப்பும் ஒரே நிர்வாகத்தின் கையில். ஆதரவுடன் வாழும் முறையில் வாடகை ஒப்பந்தம் வேறு, உதவியாளர் ஒப்பந்தம் வேறு. உதவியாளர் சரியில்லை என்றால் வீட்டை இழக்காமல் ஆளை மாற்றலாம். இது பெரிய பாதுகாப்பு. இரண்டும் உண்மையிலேயே தனித்தனியா என்று படித்துப் பாருங்கள்.

வலிப்பு இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். "இரவில் ஆள் உண்டு" என்றால் அவர் அங்கே தூங்குபவரா, விழித்திருப்பவரா? தூக்கத்தில் வலிப்பு வந்தால் பக்கத்து அறையில் தூங்குபவருக்குத் தெரியாமலே போகலாம்.

உங்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள். முதலில் ஒரு மாலை, பிறகு ஒரு பகல், ஓர் இரவு, வார இறுதி என்று சில மாதங்களில் பழக்குங்கள். அவருக்கு வலித்தால் எப்படிக் காட்டுவார், வலிப்புக்கு முன் முகம் எப்படி மாறும், எத்தனை நிமிடம் நீடித்தால் என்ன செய்ய மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மருத்துவக் கோப்பில் இல்லாத பலவும் உங்கள் மனதில்தான் இருக்கிறது.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் கணவரை விட்டு இரண்டு வாரம் நகர வேண்டியிருக்கிறது. தற்காலிகமாகச் சேர்க்க முடியுமா?

பதில்: முடியும். பல இல்லங்களில் குறுகிய காலச் சேர்க்கை உண்டு. மருந்துகளை வாங்கிய உறையோடே கொடுங்கள். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். சேர்க்கும் அன்றே முதுகு, இடுப்பு, குதிகால் தோலில் படுக்கைப் புண் இருக்கிறதா என்று ஊழியரோடு சேர்ந்து பார்த்துக் குறித்து வையுங்கள். அழைத்து வரும் நாளிலும் அதேபோல் பாருங்கள்.