ஃப்ரீபிஎஸ்டி சர்வர் விழுந்தால்: கேள்வி பதில்

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயக்க முறைமையின் 13, 14 பதிப்புகளில் சர்வர் நடத்தும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன.

கேள்வி: எங்கள் சர்வர் வாரத்தில் ஓரிரு முறை இரவில் தானாகவே ரீபூட் ஆகிவிடுகிறது. காலையில் லாகைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை. புதிதாக இன்ஸ்டால் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம், காரணம் வன்பொருளில் இருந்தால், புதிய இன்ஸ்டாலிலும் அதே இரவு ரீபூட் தொடரும். இயக்க முறைமையின் மையமான கெர்னல் பேனிக் ஆகும்போது, அதாவது மேற்கொண்டு ஓட முடியாமல் விழும்போது, லாகில் எழுதும் நிரல் ஓடுவதற்கே வாய்ப்பில்லாமல் போகிறது. அந்த நேரத்தில் கெர்னல் தன் நினைவகத்தின் நிலையை, ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் பகுதியில் டம்ப்பாக எழுதிவிட்டு ரீபூட் ஆகும். அடுத்த பூட்டில் சேவ்கோர் என்ற நிரல் அதை எடுத்து, வார் டைரக்டரியின் கீழுள்ள க்ராஷ் என்ற டைரக்டரியில் சேமிக்கும். இது நடக்க, பூட் அமைப்புகள் உள்ள ஆர்சி.கான்ஃப் கோப்பில் டம்ப்டெவ் என்பதற்கு ஆட்டோ என்ற மதிப்பு இருக்க வேண்டும். ஸ்வாப் பகுதியும் இருக்க வேண்டும். கெர்னல் பயன்படுத்தும் பக்கங்கள் மட்டுமே எழுதப்படுவதால் ஸ்வாப் ரேம் அளவுக்கு இருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை விழுந்ததும் அந்த டைரக்டரியில் கோர்.டெக்ஸ்ட் என்று தொடங்கும் கோப்பைத் திறந்து, எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று பட்டியலிடும் பேக்ட்ரேஸ் பகுதிக்குச் செல்லுங்கள். விபேனிக், பேனிக், ட்ராப்_ஃபேடல், ட்ராப்_பிஃபால்ட், கால்ட்ராப் என்ற பெயர்கள் ஏறத்தாழ எல்லாப் பேனிக்கிலும் வருபவை, அவற்றைக் கடந்துவிடலாம். கால்ட்ராப்புக்கு அடுத்த வரியில் வரும் ஃபங்ஷன்தான் விழுந்த இடம். ஒவ்வொரு முறையும் அதே நெட்வொர்க் டிரைவரின் பெயர் அங்கே வந்தால், டிரைவரைச் சந்தேகியுங்கள். ஒருமுறை கோப்பு முறைமை, ஒருமுறை நெட்வொர்க், ஒருமுறை வேறெதுவோ என்று இடம் மாறிக்கொண்டே இருந்தால், ஒரு முழு இரவு ரேமைச் சோதியுங்கள். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் எம்சிஏ என்று தொடங்கும் வரிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிராசசரும் நினைவகமும் தாமே தெரிவிக்கும் பிழைகள் அவை. டம்ப்டெவ் சரியாக இருந்தும் டம்ப் ஏதும் சேரவில்லை என்றால், பவர் சப்ளை, வெப்பம் ஆகியவற்றை முதலில் பார்ப்பதே நல்லது.

கேள்வி: 16 ஜிபி ரேம் உள்ள சர்வரில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் திடீரென நின்றுவிடுகிறது. ஸ்வாப் இடம் தீர்ந்ததால் கொல்லப்பட்டது என்று கெர்னல் சொல்கிறது.

பதில்: இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் ஏஆர்சி கேஷ், மீதமிருக்கும் ரேமின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். கேட்டால் திருப்பித் தரும் என்றாலும், தேவை சட்டென்று ஏறும்போது அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மைஎஸ்க்யூஎல் தனக்கென வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் 8 ஜிபி என்றால், கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோலில் ஏஆர்சியின் உச்ச வரம்பை 4 ஜிபி என்று வையுங்கள். மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும்.

கேள்வி: ஐயா, 13இலிருந்து 14க்கு அப்கிரேட் செய்தேன். இப்போது பேக்கேஜ்களை நிறுவும் பிகேஜி உட்பட எதுவும் ஓடவில்லை. லிப்எஸ்எஸ்எல் 111 என்ற லைப்ரரி கிடைக்கவில்லை என்கிறது.

பதில்: ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் இன்ஸ்டால் கட்டளையை மூன்று முறையும் இடைவெளியின்றிக் கொடுத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. முதல் முறை கெர்னல் மாறுகிறது. அதன்பின் ரீபூட் செய்ய வேண்டும். இரண்டாம் முறை மற்ற அடிப்படை நிரல்கள் மாறுகின்றன. மூன்றாம் முறை பழைய லைப்ரரிகள் நீக்கப்படுகின்றன. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எல்லாப் பேக்கேஜ்களையும் புதிய பதிப்புக்கு மாற்றியிருக்க வேண்டும். லிப்எஸ்எஸ்எல் என்பது ஓப்பன்எஸ்எஸ்எல்லின் லைப்ரரி. 13இல் இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1, 2023 நவம்பரில் வந்த 14.0இல் அது 3.0 ஆனது. பழைய லைப்ரரியை நம்பிய பேக்கேஜ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதற்கு இதுதான் காரணம்.

பதற்றம் வேண்டாம். பிகேஜி-ஸ்டாட்டிக் என்ற நிரல் எந்த லைப்ரரியையும் வெளியிலிருந்து தேடாது. அதைக் கொண்டு அப்கிரேட் கட்டளையை -எஃப் விருப்பத்துடன் கொடுத்தால் எல்லாப் பேக்கேஜ்களும் மீண்டும் இறங்கும். நீங்களே கம்பைல் செய்த நிரல்களைத் தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும். டிஆர்எம், என்விடியா போன்ற கிராபிக்ஸ் கெர்னல் மாட்யூல்களைப் பேக்கேஜாகப் போட்டிருப்பவர்கள், முதல் ரீபூட்டுக்கு முன்பே ஆர்சி.கான்ஃபில் உள்ள, மாட்யூல்களை ஏற்றும் கேஎல்டி_லிஸ்ட் வரியை முடக்கிவிட வேண்டும். பழைய கெர்னலுக்கான மாட்யூலைப் புதிய கெர்னல் ஏற்றினால் பூட்டின்போதே பேனிக் ஆகலாம்.

இனிமேல் அப்கிரேடுக்கு முன் பெக்டிஎல் கட்டளையைக் கொண்டு ஒரு பூட் என்விரான்மென்ட், அதாவது பூட் செய்யக்கூடிய அமைப்பின் நகல், எடுத்து வையுங்கள். எது கெட்டாலும் லோடர் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பலாம். ஆனால் பலர் கவனிக்காத ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இன்ஸ்டாலர் அமைக்கும் வழக்கமான அமைப்பில், மைஎஸ்க்யூஎல் தரவு இருக்கும் வார்/டிபி டைரக்டரி பூட் என்விரான்மென்டுக்கு உள்ளேயே இருக்கிறது. எனவே பழையதற்குத் திரும்பினால், இடையில் பதிவான பில்களும் பயனர்களும் கண்ணில் படமாட்டார்கள். தரவுத்தளத்துக்கு இசட்எஃப்எஸ்ஸில் தனி டேட்டாசெட் (தனிப் பகுதி) இல்லாமல் அப்கிரேடில் இறங்காதீர்கள்.

கேள்வி: பாதுகாப்புத் திருத்தம் போட்டேன். ஆனால் யூநேம் கட்டளை பழைய பதிப்பு எண்ணையே காட்டுகிறது.

பதில்: அந்தத் திருத்தம் கெர்னலைத் தொடவில்லை என்றால் அப்படித்தான் காட்டும். ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் கட்டளையை -யூ விருப்பத்துடன் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: அப்கிரேடுக்குப் பிறகு சர்வர் பிங்குக்குப் பதில் தருகிறது. தொலைவிலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச் மட்டும் வரவில்லை.

பதில்: கன்சோலில் நுழைந்து எஸ்எஸ்ஹெச்டி கட்டளையை -டி விருப்பத்துடன் கொடுங்கள், எந்த வரியில் பிழை என்று சொல்லும். பெரும்பாலும் அந்த வரியில் <<<<<<< என்ற குறிகள் நிற்கும். உங்கள் பழைய அமைப்பையும் புதியதையும் ஒன்றிணைக்கும்போது முரண்பட்ட இடத்தை அப்டேட் நிரல் இப்படிக் குறித்து, எடிட்டரில் திறந்து காட்டும். நாம் திருத்தாமல் மூடிவிட்டால் அப்படியே தங்கிவிடும். அமைப்புக் கோப்புகள் இருக்கும் இட்சி டைரக்டரி முழுவதும் அந்தக் குறிகளைத் தேடிவிடுங்கள். மாஸ்டர்.பாஸ்வேர்டு கோப்பைத் திருத்த நேர்ந்தால், பிடபிள்யூடி_எம்கேடிபி கட்டளையையும் கொடுக்க வேண்டும்.

கேள்வி: இசட்எஃப்எஸ் வட்டுத் தொகுப்பான பூலின் நிலையைக் காட்டும் ஸீபூல் ஸ்டேட்டஸ் சொன்னதைக் கேட்டு ஸீபூல் அப்கிரேட் கொடுத்தேன். ரீபூட்டுக்குப் பிறகு, ஆதரிக்கப்படாத அம்சம் என்று சொல்லி பூட் ஆக மறுக்கிறது.

பதில்: தரவு பத்திரமாக இருக்கிறது. பூலில் புதிய அம்சங்கள் வந்துவிட்டன. வட்டின் தொடக்கத்தில் இருக்கும் பூட்லோடர் பழையது என்பதால் அதற்கு அவை புரியவில்லை. சர்வரில் உள்ள அதே பதிப்பின் யூஎஸ்பியிலிருந்து பூட் செய்யுங்கள். பயாஸ் இயந்திரம் என்றால் ஜிபார்ட் பூட்கோட் கட்டளையால் புதிய ஜிபிடி-இசட்எஃப்எஸ்-பூட் கோப்பை எழுதுங்கள். யூஇஎஃப்ஐ என்றால் இஎஃப்ஐ பகுதியை மவுண்ட் செய்து லோடர்.இஎஃப்ஐ கோப்பை நகலெடுங்கள். மிரரில் இரண்டு வட்டுகள் இருந்தால் இரண்டிலும் செய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் வட்டு பழுதாகும் நாளில் இரண்டாவது பூட் ஆகாது. ஸ்டேட்டஸ் காட்டும் அந்த வரி வெறும் தகவல்தான், அவசர எச்சரிக்கை அல்ல. பூலை அப்கிரேட் செய்துவிட்டால் பழைய இசட்எஃப்எஸ் அதைத் திறக்க முடியாமல் போகக்கூடும். அதனால் பழைய பூட் என்விரான்மென்டுக்குத் திரும்பும் வழியும் அடைபடலாம். புதிய பதிப்பு சில வாரங்கள் சிக்கலின்றி ஓடிய பிறகு, பூட்லோடரை முதலில் புதுப்பித்துவிட்டு இதைச் செய்யுங்கள்.